தாட்சரம்மாவும் மஞ்சக்குட்டைச் சுவரும்

மஞ்சக்குட்டையில் என் மாமாவுக்கு ரெண்டு ஏக்கர் காபித் தோட்டம். தோட்டத்துக்கு மேலே ரோடு. ரோட்டைத் தாங்கிப் பிடிக்க ஒரு கருங்கல் தடுப்புச் சுவர் இருந்தது. 'இருந்தது' என்று எழுதும்போதே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும்.

கட்டி முடித்துப் பதினோரு மாசம்தான். ஐப்பசி மழை ரெண்டு நாள் விடாமல் கொட்டியது. மூணாம் நாள் காலை, மாமா வேப்பங்குச்சியும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோது 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம். நாற்பது அடி நீளச் சுவர் குப்புறக் கவிழ்ந்து, பதினெட்டு காபிச் செடிகளைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. மாமா வீட்டுச் சேவல் மட்டும் மூணு நாள் கூவவில்லை.

அடுத்த சனிக்கிழமை சேலத்தில் பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். சுவரைக் கட்டியது யார் என்று விசாரித்ததில் ஒரு வம்சாவளியே கிடைத்தது. போர்டில் பெயர் போட்டிருந்தவர் டெண்டர் எடுத்தவர். அவர் வேலையை இன்னொருத்தருக்கு 'சப்' விட்டார். அந்த இன்னொருத்தர் ஒரு மேஸ்திரிக்கு விட்டார். மேஸ்திரி நாலு கொத்தனார்களிடம் கூலி பேசினார். (எந்தக் கம்பெனி, எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் வருஷம் கிடக்கிறது.)

தடுப்புச் சுவரில் ஒரு சின்ன சமாச்சாரம் உண்டு. சுவருக்குப் பின்னால் மண். மழை பெய்தால் மண்ணில் தண்ணீர் ஊறும். ஊறிய தண்ணீர் வெளியே வர சுவரில் அங்கங்கே குழாய்த் துண்டு செருகி ஓட்டை விடவேண்டும். விடாவிட்டால் சுவர் தண்ணீரைத் தேக்க ஆரம்பிக்கும். அதாவது, அணைக்கட்டு ஆகிவிடும். அணைக்கட்டுக்கு உண்டான பலம் அதற்குக் கிடையாது. எஸ்டிமேட்டில் குழாய் இருந்ததாம். போர்டுக்காரர் 'சப்' வாங்குவார் என்று நினைத்தார், சப் மேஸ்திரி வாங்குவார் என்று நினைத்தார், மேஸ்திரி நினைக்கவே இல்லை. ஒரே ஒரு வயசான கொத்தனார் மட்டும், "குழாய் வைக்கலீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாளிலிருந்து அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

மாமா வராந்தாவில் உட்கார்ந்து காபியை ஆற்றினார். அவருடைய தீர்ப்பு தயாராக இருந்தது.

"இதையே வெள்ளைக்காரன் கட்டியிருந்தா விழுந்திருக்குமா, மாப்ளே?"

தமிழ்நாட்டில் எந்தப் பாலம் ஆடினாலும், எந்த ஸ்கூல் கூரை பெயர்ந்தாலும், டீக்கடை பெஞ்சிலிருந்து முதலில் வருகிற வாக்கியம் இது. நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என்னவோ, 'சரி, பார்த்துவிடலாமே' என்று தோன்றியது. வெள்ளைக்காரன் கட்டினால் விழாதா?

மாமாவின் சாட்சி நம்பர் ஒன்று, மேட்டூர். மேகம் இல்லாத நாளில் ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தால் தூரத்தில் வெள்ளித் தகடு மாதிரி மின்னும். 1925ல் ஆரம்பித்து 1934 ஆகஸ்ட் 21ல் திறந்தார்கள். 214 அடி உயரம், 5,300 அடி நீளம், 93.47 டி.எம்.சி. தண்ணீர். இன்றைக்கும் ஜூன் மாசம் பிறந்தால் தஞ்சாவூர்க்காரர்கள் அதன் லெவலைத்தான் ராசிபலனுக்கு முன்னால் படிக்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேட்டூரைக் கட்டிய வெள்ளைக்காரன் டெண்டர் போட்டு வந்த வெள்ளைக்காரன் இல்லை. சென்னை ராஜதானியின் பொதுப்பணித் துறையில் சம்பளத்துக்கு வேலை பார்த்த கர்னல் எல்லிஸ் மாதிரி ஆட்கள். உபரித் தண்ணீர் போகிற பதினாறு கண் மதகுக்கு 'எல்லிஸ் சர்ப்ளஸ்' என்று பெயர் வைத்து அவரை ஞாபகம் வைத்திருக்கிறோம். அணையில் ஓட்டை விழுந்தால் கவர்னர் கூப்பிட்டுக் கேட்க ஒரு ஆள் இருந்தார். அதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

டெண்டர் போட்ட வெள்ளைக்காரன் வேறு. அதில் ஒரு பெரிய கையை எடுத்துப் பார்ப்போம். பெயர் பால்ஃபர் பீட்டி.

1909ல் ஜார்ஜ் பால்ஃபர், ஆண்ட்ரூ பீட்டி என்று ரெண்டு பேர் 50,000 பவுண்டு மூலதனத்தில் ஆரம்பித்த கம்பெனி. பால்ஃபர் இன்ஜினியர், பீட்டி கணக்கர். கட்டட கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. ஒருத்தர் கட்டுவார், இன்னொருத்தர் எவ்வளவில் நிறுத்தவேண்டும் என்று சொல்வார். முதல் வேலை, ஸ்காட்லாந்தில் டன்ஃபர்ம்லின் என்ற ஊருக்கு டிராம். அப்புறம் கரண்டு. பால்ஃபர் 1918லிருந்து பார்லிமெண்ட் மெம்பரும்கூட. 1926ல் நாடு முழுக்க அரசாங்கமே மின்சாரக் கம்பி இழுக்கும் மசோதா வந்தபோது மனுஷர் எதிர்த்தார். மசோதா பாஸானதும் அந்தக் கம்பி இழுக்கும் கான்ட்ராக்டில் ஒரு பங்கை அவர் கம்பெனியே எடுத்தது. கொள்கை வேறு, கொட்டேஷன் வேறு!

ஈராக்கில் டைகிரிஸ் நதிக்குக் குறுக்கே கூட் தடுப்பணையை 1939ல் முடித்தார்கள். அந்த வருஷமே யுத்தம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காபா ஃப்ளோ என்ற இயற்கைத் துறைமுகத்துக்குள் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி நைஸாக நுழைந்து 'ராயல் ஓக்' போர்க்கப்பலை மூழ்கடித்தது. 800 பேருக்கு மேல் செத்தார்கள். சர்ச்சில், 'தீவுகளுக்கு நடுவில் இருக்கிற சந்துகளையெல்லாம் அடையுங்கள்' என்றார். அந்த வேலை பால்ஃபர் பீட்டிக்கு. ஆள் கிடைக்கவில்லை. இத்தாலிய யுத்தக் கைதிகள் 1,000 பேருக்கு மேல் கொண்டுவந்தார்கள். கைதிகள் விவரமானவர்கள். "ஜெனீவா ஒப்பந்தப்படி யுத்த வேலைக்கு எங்களை விடக்கூடாது" என்று ஸ்டிரைக் அடித்தார்கள். வெள்ளைக்கார மூளை வேலை செய்தது. 'இது தடுப்பு இல்லையப்பா, தீவு ஜனங்கள் போகவர ரோடு' என்று காகிதத்தில் பெயரை மாற்றினார்கள். வேலை நடந்தது. வேடிக்கை என்னவென்றால், நீர்மூழ்கிகள் போய் எத்தனையோ வருஷமாச்சு, இன்றைக்கு அது நிஜமாகவே ரோடுதான். பஸ் போகிறது. ஓய்வு நேரத்தில் அந்தக் கைதிகள் தகரக் கொட்டகையில் கட்டிய குட்டித் தேவாலயத்தைப் பார்க்க டூரிஸ்ட்கள் வருகிறார்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இலங்கை. கண்டிக்குப் பக்கத்தில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே விக்டோரியா அணை. கட்டியது பால்ஃபர் பீட்டியும் நட்டல் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து. வில் மாதிரி வளைந்த கான்கிரீட் அணை. 122 மீட்டர் உயரம், அதாவது கிட்டத்தட்ட 400 அடி. மேட்டூரைப் போல ரெண்டு மடங்கு ஒசத்தி. ஆனால் பிடிக்கிற தண்ணீர் சுமார் 25 டி.எம்.சி.தான், மேட்டூரில் கால்வாசிக்குக் கொஞ்சம் கூட. 210 மெகாவாட் மின்சாரம். பழைய தெல்தெனிய டவுன் அடியில் போய்விட்டது. மேட்டூரில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடி நந்தியும் சர்ச் கோபுரமும் தலை காட்டுமே, அந்த மாதிரி ஒரு ஊர் அங்கேயும் தண்ணீருக்குக் கீழே.

1985 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் நேரிலேயே வந்து திறந்துவைத்தார். வரமாட்டாரா பின்னே? 11.3 கோடி பவுண்டு பிரிட்டன் கொடுத்த உதவி. தர்ம காரியம்தான். ஆனால் அந்தத் தர்மத்தின் சூட்சுமத்தைப் பாருங்கள். டிசைன், மேற்பார்வை சர் அலெக்சாண்டர் கிப் என்ற பிரிட்டிஷ் கன்சல்டன்ட். கட்டியது பிரிட்டிஷ் கம்பெனிகள். ஆக, உதவிப் பணம் லண்டனில் கிளம்பி, கொழும்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெரும்பகுதி லண்டனுக்கே போய்ச் சேர்ந்தது. மாமா வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதின பணத்தில் மாமாவே நமக்கு ஜவுளி எடுத்துக் கொடுக்கிற கதை.

இருந்தாலும் அணை நன்றாக நிற்கிறது. ஏன் நிற்கிறது? என் புத்திக்கு எட்டினது இது. கட்டுகிறவர் ஒருத்தர், பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் வேறொருத்தர். ரெண்டாமவருக்கு முதலாமவர் சம்பளம் கொடுப்பதில்லை.

இதே கம்பெனி, இதே ஊர்க்காரர்கள், அந்த ரெண்டாம் ஆள் இல்லாமல் வேலை செய்தால்? 1994 அக்டோபர். லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டுக்கு அடியில் ரயில் சுரங்கம். பால்ஃபர் பீட்டி தோண்டியது. சுரங்கம் அப்படியே இடிந்து, மேலே தரையில் பெரிய பள்ளம். ஆபீஸ் கட்டடமெல்லாம் சாய்ந்தது. விமானங்கள் ஏறி இறங்குகிற இடத்துக்கு நடுவில்! யாரும் சாகவில்லை, அது யார் செய்த புண்ணியமோ. பின்னால் விசாரித்ததில், சுரங்கத்தின் அடித்தளக் கான்கிரீட் சரியில்லை, ஒட்டுப்போட்டது சரியில்லை என்று பட்டியல் நீண்டது. அதில் ஒரு முக்கியமான வரி: தன் வேலை தரமானதுதான் என்று சர்டிபிகேட் கொடுக்கும் பொறுப்பு கான்ட்ராக்டரிடமே இருந்தது. பையன் பரீட்சை எழுதி, பேப்பரையும் பையனே திருத்தினால் எல்லாப் பையனும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான். 1999ல் கோர்ட்டு 12 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது.

ஹாட்ஃபீல்ட் கதை இன்னும் மோசம். 1990களில் பிரிட்டிஷ் ரயில்வேயைத் தனியாருக்கு விற்றார்கள். தண்டவாளம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம், ரயில் இன்னொரு கம்பெனியுடையது, தண்டவாளப் பராமரிப்பு கான்ட்ராக்ட். ஹாட்ஃபீல்ட் பகுதியில் அந்தக் கான்ட்ராக்ட் பால்ஃபர் பீட்டிக்கு. ஒரு வளைவில் தண்டவாளத்தில் மயிரிழை விரிசல்கள் விட்டிருப்பது முன்னாடியே தெரியும். மாற்றவேண்டிய புதுத் தண்டவாளம் வந்து, பக்கத்திலேயே மாசக்கணக்கில் கிடந்தது. யார் போடுவது, எப்போது போடுவது என்று ரெண்டு ஆபீஸும் பேசிக்கொண்டே இருந்தன. 2000 அக்டோபர் 17ம் தேதி, மணிக்கு 115 மைல் வேகத்தில் வந்த லீட்ஸ் எக்ஸ்பிரஸுக்கு அடியில் அது முந்நூறு துண்டுக்கு மேல் சிதறியது. நாலு பேர் செத்தார்கள். எழுபது பேருக்குக் காயம். 2005ல் கம்பெனிக்கு 1 கோடி பவுண்டு அபராதம், அப்பீலில் 75 லட்சமாகக் குறைந்தது. தனி நபர் யார் மேலும் உயிர்ச்சேதக் குற்றம் நிற்கவில்லை. ரயில்காரர்கள் இதிலிருந்து ஒன்று செய்தார்கள். 2003ல், 'பராமரிப்புக்குக் கான்ட்ராக்டே வேண்டாம், எங்கள் ஆட்களே பார்ப்பார்கள்' என்று முடிவெடுத்தார்கள். மேட்டூர் எல்லிஸ் காலத்து புத்தி, எழுபது வருஷம் சுற்றி வந்து சேர்ந்தது.

வாயைத் திறந்த நம் வயசான கொத்தனாரை மறந்திருக்க மாட்டீர்கள். அவருக்கு பிரிட்டனில் 3,213 கூட்டாளிகள் உண்டு. 2009ல் ஒரு சின்ன ஆபீஸில் சோதனை போட்டபோது, அத்தனை தொழிலாளிகளின் பெயர் போட்ட அட்டைகள் கிடைத்தன. சங்கத்தில் இருக்கிறவன், 'சாரம் ஆடுது, சார்' என்று புகார் சொன்னவன் எல்லாரும் அதில். பெரிய கட்டட கம்பெனிகள் நாற்பதுக்கு மேல் காசு கொடுத்து அந்த லிஸ்டைப் பார்த்துத்தான் ஆள் எடுத்தன. பால்ஃபர் பீட்டியும் அதில் உண்டு. 2016ல் கம்பெனிகள் மன்னிப்பும் நஷ்ட ஈடும் கொடுத்தன. சில பேர் அதற்குள் வருஷக்கணக்கில் வேலையில்லாமல் இருந்து முடித்துவிட்டார்கள். நம் மேஸ்திரி அட்டை கிட்டை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் ஞாபகத்திலேயே.

மலேசியாவில் பெர்காவ் அணைக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1989ல் பிரிட்டன் உதவி தருவதாக வாக்குக் கொடுத்தபோது செலவு 31.6 கோடி பவுண்டு. சில வாரத்துக்குள் கம்பெனிகள் (பால்ஃபர் பீட்டி, சிமெண்டேஷன்) 39.7 கோடி என்றன. வாக்குக் கொடுத்த பிறகு ஏறுகிற எஸ்டிமேட்டை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உதவித் துறையின் தலைமை அதிகாரி டிம் லங்கெஸ்டர், 'இது வீண் செலவு, கையெழுத்துப் போடமாட்டேன், எழுத்து மூலம் உத்தரவு கொடுங்கள்' என்று நின்றார். எழுத்து மூலமே கொடுத்தார் மந்திரி. 23.4 கோடி பவுண்டு. அதற்கு முன்னால் ஆயுத வியாபாரமும் அணையும் ஒரே பேச்சில் பேசப்பட்டது வெளியே வந்து நாறியது. 1994 நவம்பரில் லண்டன் ஹைகோர்ட்டு, 'இந்த உதவி சட்டவிரோதம்' என்றது. உதவி வாங்கினால் எங்கள் கம்பெனியிடம்தான் வேலை கொடுக்கவேண்டும் என்கிற நிபந்தனையைக் கடைசியில் பிரிட்டன் கைவிட்டதில் இந்த வழக்குக்கும் பங்குண்டு.

இவ்வளவு பெரிய கம்பெனிக்கு லாபம் எவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? கட்டட வேலையில் நூறு பவுண்டுக்கு ரெண்டு, மூணு பவுண்டு நின்றால் நல்ல வருஷம். சேலத்தில் மளிகைக் கடைக்காரர் சிரிப்பார். அப்புறம் எப்படி ஓடுகிறது? பணம் முன்னால் வரும், சப் கான்ட்ராக்டருக்குப் பின்னால் போகும். அந்த இடைவெளியில் கம்பெனி வாழும். பழைய வேலையின் ஓட்டையைப் புது வேலையின் அட்வான்ஸ் அடைக்கும். புது டெண்டர் வந்துகொண்டே இருக்கும்வரை எல்லாம் சுகம். நம் ஆபீஸில் பன்னிரண்டாம் தேதியே கைமாத்து கேட்கிற ஆசாமியை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக வரும்.

இந்த வித்தையில் கெட்டிக்காரக் கம்பெனி ஒன்று இருந்தது. கரிலியன். ஆஸ்பத்திரி, ரோடு மட்டுமில்லை, பள்ளிக்கூடத்துச் சாப்பாடு, ஜெயில் பராமரிப்பு எல்லாம் செய்தது. சப் கான்ட்ராக்டர்களுக்குப் பணம் 120 நாள் கழித்து. 2014ல் பால்ஃபர் பீட்டி நஷ்டத்தில் தள்ளாடியபோது, 'வா, ஒண்ணா சேர்ந்துடலாம்' என்று கரிலியன் மூணு தடவை பெண் கேட்டது. ஜாதகம் பொருந்தவில்லை என்று இவர்கள் மறுத்தார்கள். மறுத்தது நல்லதாகப் போயிற்று. 2017 ஜூலையில் கரிலியன் திடீரென்று, 84.5 கோடி பவுண்டு கணக்கில் இல்லை என்றது. அதற்கு முந்தின மாசம்தான் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டு பட்டுவாடா செய்திருந்தது. 2018 ஜனவரி 15ம் தேதி மூடுவிழா. கடன், பொறுப்புகள் 700 கோடி பவுண்டு. கையிருப்பு 2.9 கோடி. உலகம் முழுக்க 43,000 பேர் வேலை பார்த்த கம்பெனி. பாதியில் நின்ற லிவர்பூல் ஆஸ்பத்திரியைத் திறந்து பார்த்தால் உத்தரமே சரியில்லை. அதைச் சரிபண்ணி நோயாளி உள்ளே போக 2022 ஆகிவிட்டது. ஸ்காட்லாந்தில் அபர்தீன் பைபாஸில் கரிலியனோடு கூட்டுச் சேர்ந்திருந்த பால்ஃபர் பீட்டியும் இன்னொரு கம்பெனியும் செத்தவனின் பங்கையும் சேர்த்துச் சுமந்தார்கள். பெரிய கம்பெனிகளாவது பரவாயில்லை. நாலு வேன், பத்து ஆள் வைத்துக்கொண்டு பெயிண்ட் அடித்த, வயரிங் செய்த சின்ன ஆட்கள் ஆயிரக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் பில் இன்னும் 120 நாளில் வந்துவிடும் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தார்கள்!

பால்ஃபர் பீட்டி 2015ல் புது நிர்வாகி வந்து, வரவுக்கு மீறின வேலையை எல்லாம் வேண்டாம் என்று தள்ளித் தேறிக்கொண்டது. அதற்காக முழு யோக்கியன் ஆகிவிட்டது என்று எழுத மாட்டேன். அமெரிக்காவில் ராணுவக் குடியிருப்புகளைப் பராமரிக்கிற அதன் கிளை, வீட்டில் ரிப்பேர் செய்யாமலே செய்ததாக ரெக்கார்டு எழுதி போனஸ் வாங்கியது. 2021 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 6.5 கோடி டாலருக்கு மேல் கட்டியது. எழுதாத அளவை எம்-புக்கில் எழுதுகிற கலை நம்மூர்க் கலை என்று கர்வப்பட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் போச்சு.

இத்தனையையும் அடுத்த தடவை மஞ்சக்குட்டை போனபோது மாமாவிடம் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டார். வெத்தலையை மடித்தார்.

"அப்ப வெள்ளைக்காரனும் நம்மாளு மாதிரிதான்கிற?"

"பக்கத்துல நின்னு பாக்க ஆள் இருந்தா அவனும் ஒழுங்கா கட்டறான் மாமா. இல்லேன்னா அவனும் குழாயை மறந்துடறான்."

மாமா ஒன்றும் சொல்லவில்லை.

சுவரை மறுபடி கட்ட ஆர்டர் வந்தது. அதே போர்டு, வேறு மேஸ்திரி. வேலை ஆரம்பித்த அன்று மாமா முதல் பஸ்ஸில் சேலம் இறங்கி, செவ்வாய்ப்பேட்டையில் தன் சொந்தக் காசில் பி.வி.சி. குழாய் வாங்கித் துண்டு போட்டு, சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த வயசான கொத்தனாரையும் தேடிப் பிடித்து, "உனக்கு நான் கூலி தரேன், சும்மா நின்னு பாரு" என்று உட்கார வைத்துவிட்டார். ஒன்பது நாள் ரெண்டு பேரும் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். புது மேஸ்திரிக்குக் கோபமான கோபம்.

நேற்று மாமா போன் பண்ணினார். மலைமேல் நல்ல மழை.

"மாப்ளே, மொத்தம் இருபத்தோரு ஓட்டை. எல்லாத்துலயும் தண்ணி வருது. ஒண்ணுல மட்டும் வரலை. குச்சி விட்டுக் குத்திப் பாத்தேன், உள்ளாற சிமெண்ட் மூட்டைக் காகிதம். எடுத்தாச்சு."